கொள்ளைக்காரனின் ஆடு

எங்கள் சாகசங்கள் எல்லாம் கிளாசெட் பெட்டிகளின் மேல் உட்கார்ந்துதான் நடந்தன. அப்பா கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் பைப், டைல்ஸ், குளியலறைச் சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்தார். மாடியில் குடோன். சனிக்கிழமை மதியம் கூட்டம் ஓய்ந்ததும் நாங்கள் நாலு பேர் மேலே ஏறிவிடுவோம். டைல்ஸ் பெட்டிகளை அடுக்கினால் மேஜை, கிளாசெட் பெட்டிகளைக் கவிழ்த்தால் ஆசனம். இரண்டாயிரத்துப் பத்து தாண்டிய அந்த வருஷங்களில் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. ஃபேன் நின்ற குடோனில் வியர்த்து ஒழுக, நாங்கள் பனி மூடிய மலைகளில் குதிரையேறிப் போய்க்கொண்டிருந்தோம்.

தெரியாதவர்களுக்கு அந்த விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் இருப்பார்கள். முன்னால் பாழடைந்த கோட்டை, உள்ளே வெளிச்சம் தெரிகிறது, என்ன செய்யப் போகிறாய் என்று கதைசொல்லி கேட்பார். அவரவர் செய்வதைச் சொல்ல, அது பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். அப்பா ஒரு நாள் ஏறிவந்து வெகுநேரம் நின்று பார்த்தார்.

"இதுல யாரு ஜெயிக்கா?"

"யாரும் ஜெயிக்க மாட்டாங்கப்பா."

"பின்னே என்னத்துக்கு இப்படிக் கெடந்து கத்துகிய?" என்று கேட்டுவிட்டு, ஒரு வாஷ்பேசினைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

பகடையையும் விதிப்புத்தகத்தையும் துபாயிலிருந்து கொண்டுவந்தது என் பெரியப்பா மகன். அங்கே ஒரே அறையில் இருந்த ஃபிலிப்பைன்ஸ்காரர்கள் பழக்கிவிட்டார்களாம். அடுத்த விசாவுக்குக் காத்திருந்த அண்ணனுக்கு வேறு வேலை இல்லை. கதையில் அவன் திருடன். வெளியிலும் என் பங்கு வாழைக்காய் பஜ்ஜியைத் திருடித் தின்பான். இரண்டாவது ஆள், பக்கத்துச் சர்ச் போதகரின் மகன். கதையில் மந்திரவாதி. மந்திரவாதியாக இருப்பது வீட்டுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து, "அறிஞன்" என்றுதான் தன்னைச் சொல்லிக்கொள்வான். அறிஞன் கையிலிருந்து தீ எப்படி வரும் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

மூன்றாவது ஆள் என் தோழி. நாகர்கோவில் காலேஜில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சு. கடற்கரை ஊர், மீன் ஏலம் பிடிக்கும் குடும்பம், கத்தோலிக்கர்கள். கதையில் அவள் வாள்வீராங்கனை. வெளியில் ஒரு பல்லி விழுந்தால் மேஜை மேல் ஏறி நிற்பாள், கதைக்குள் பூதத்தின் தாடையைப் பிடித்துக் கிழிப்பாள்.

கதைசொல்லி நான். முதலில் அண்ணன்தான் சொன்னான். புத்தகத்தில் இருந்தபடி ஒரு குகை, ஒரு பறக்கும் நாகம், ஒரு பெட்டி பொன். இரண்டே வாரத்தில் எனக்குச் சலித்துவிட்டது. நல்லவன் கெட்டவனைக் கொல்லுவான், பொன் எடுப்பான். இதற்கு நான் வீட்டில் சீரியல் பார்த்துவிட்டுப் போகிறேன். புளி விடாத மீன்கறி மாதிரி ஒரு கதை. "எழும்பு, நான் சொல்லுகேன்" என்று அவன் உட்கார்ந்திருந்த பெட்டியைப் பிடுங்கிக்கொண்டேன்.

என் கதையில் ராஜா நல்லவர். ரோடு போட்டார், குளம் வெட்டினார். ஆனால் வருஷத்துக்கு ஒரு மலையோரத்து ஊரைப் பூதத்துக்கு விட்டுக்கொடுப்பார். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது தெரியும், தெரிந்தும் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அப்படி விட்டுக்கொடுத்த ஊர்களிலிருந்து தப்பி வந்தவர்கள்தான் காட்டில் கொள்ளையடித்துத் திரிந்தார்கள். போதகர் மகன் முதல் நாளே நெளிந்தான்.

"இது கொஞ்சம் கூடிப்போச்சு கேட்டியா. சனிக்கிழமையும் அதுவுமா."

"உனக்க அப்பா பிரசங்கத்துல வராத கொலையா? கேட்டுட்டு வந்து நல்லா சோறு தின்னுகல்லா?"

அவன் யோசித்துப் பார்த்து, சரி என்று தலையாட்டினான்.

அந்தக் கொள்ளைக்காரர்களில் ஒருவனை ஒரு சனிக்கிழமை பிடித்துவிட்டார்கள். மீசை அரும்பும் வயசு. மரத்தில் கட்டிப்போட்டார்கள். தோழி தன் வாளைத் தொட்டு, "உங்க ஆளுவ ஒளிஞ்சிருக்க எடத்தைச் சொன்னா உன்னைய விட்டுருவேன்" என்று சத்தியம் செய்தாள். அவன் சொல்லிவிட்டான். அதன் பிறகுதான் வினை வந்தது. விட்டால் ஓடிப்போய்க் கூட்டாளிகளிடம் சொல்லிவிடுவான் என்றான் அண்ணன். சத்தியம் சத்தியம்தான் என்றான் அறிஞன். கட்டிவைத்துவிட்டுப் போனால் நரி தின்றுவிடும். கூட்டிக்கொண்டு போனால் இரவில் கழுத்தறுப்பான். டீ ஆறிப்போகும் வரை சண்டை போட்டார்கள். நான் மனசுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். இதற்குத்தானே இத்தனை பாடு, இப்படி மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும் என்றுதானே அவனைக் கொண்டுவந்தேன். அவனை விட்டுவிடுவார்கள், அவனே பின்னால் வழிகாட்டியாக வருவான் என்று மேற்கொண்டு ஆறு வாரக் கதை என் தலையில் தயாராக இருந்தது.

"வெட்டுகேன்" என்றாள் தோழி.

"உறுதியாட்டா?"

"உறுதியாட்டு."

பகடை உருண்டு, இருபது விழுந்தது. அதற்கு மேல் பகடையில் எண்ணே கிடையாது. ஆறு வாரக் கதையும் தலையோடு சேர்ந்து போயிற்று. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. சும்மா சாக விடக் கூடாது என்று, வாள் இறங்கும் முன்னால் அவன் வாயில் ஒரு வார்த்தையைப் போட்டேன்.

"அய்யோ, எனக்க ஆட்டுக்கு இனி யாரு பிலாயிலை போடுவா?"

எங்கள் பக்கம் ஆட்டுக்குப் பலா இலைதான் தீனி, வீட்டுக்கு வீடு ஒரு பிலாமரம் நிற்கும். நான் அதைச் சொன்ன ராகமோ என்னவோ, அண்ணன் பெட்டியிலிருந்து பின்பக்கமாகச் சரிந்து பைப் கட்டுகளுக்கிடையில் விழுந்தான். போதகர் மகனுக்கு டீ மூக்கு வழியாக வந்தது. தோழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு டைல்ஸ் மேல் தலையை வைத்துச் சிரித்தாள். எங்கள் எல்லோரையும்விட அவள்தான் அதிகம் சிரித்தாள். கீழேயிருந்து அப்பா, "மேல என்ன, பெட்டி உடைஞ்சுதா?" என்று கூப்பிட்டுக் கேட்டார். அந்த வாரம் முழுக்க, எதிரில் பார்க்கும்போதெல்லாம் அண்ணன் ஆட்டைப் பற்றிக் கேட்டு என்னைச் சிரிக்க வைத்தான்.

அடுத்த சனிக்கிழமை தோழி வந்தாள். உட்காரவில்லை. கையில் ஒரு டப்பா முந்திரிக்கொத்து. திங்கள்கிழமை அவள் அண்ணனுக்குக் கல்யாணம், வீட்டில் பலகாரம் சுட ஆரம்பித்திருந்தார்கள். டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு நின்றாள்.

"ஏட்டி, இன்னைக்கு நான் அந்தப் பயலுக்க வீட்டுக்குப் போணும்."

"எந்தப் பயலுக்க?"

"நான் வெட்டுனவனுக்க. அவனுக்க அம்மையைப் பாக்கணும்."

"அவனுக்கு அம்மை கிடையாது. பேரே கிடையாது. மரத்துல கட்டுகதுக்குன்னே கொண்டுவந்த ஆளாக்கும்."

"ஆடு உண்டுல்ல. அப்போ அம்மையும் உண்டு."

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் ஊரில் கல்யாணத்துக்கு முன்னால் வீட்டார் எல்லோரும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டும். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்கினால்தான் கல்யாணப் பூசையில் அவர் கையிலிருந்து நற்கருணை அப்பம் வாங்க முடியும். நன்மை வாங்குவது என்பார்கள் அதை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சித்தப்பா, சித்தி, மாமா, மாமி என்று பெரிய வரிசை. இவள் முறை வந்ததும் வழக்கமானதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் எங்கள் குடோனில் நடந்ததையும் சொல்லியிருக்கிறாள்.

"சொன்னியா? வெளையாட்டுன்னு சொன்னியா?" போதகர் மகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. தன் பெயரும் அங்கே போயிருக்குமோ என்ற பயம்.

"சொன்னேன். சாமியாரு, வெளையாட்டா, சரி, மூணு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லிட்டுப் போன்னுட்டாரு. பின்னால அத்தனை பேரு நிக்காவல்ல."

"பின்னே என்ன? கணக்கு தீந்தாச்சு" என்றான் அண்ணன், முந்திரிக்கொத்து டப்பாவைத் திறந்துகொண்டே.

"தீரல அண்ணே. அவரு வெளையாட்டுன்னு நெனச்சிட்டாரு."

"வெளையாட்டுதான மக்கா?"

மனசு ஒப்பாமல் நன்மை வாங்க மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். எங்களுக்கு அது என்ன பெரிய காரியம் என்று விளங்கவில்லை. போதகர் மகன், "எங்க சர்ச்சுல நேரா தெய்வத்துக்கிட்டயே சொல்லிரலாம்" என்றான். "உங்களுக்கு என்ன, வரிசையில நிக்க வேண்டாம்" என்று வெட்டினாள். பிறகு பொறுமையாக விளக்கினாள். கல்யாணப் பூசையில் மாப்பிள்ளை வீட்டார் முதல் பெஞ்சில் இருப்பார்கள். நன்மை வாங்க முதலில் எழும்புவது அவர்கள்தான். முழுக் கோயிலும் பார்த்துக்கொண்டிருக்கும். மாப்பிள்ளையின் கல்யாணமாகாத தங்கச்சி மட்டும் எழும்பாமல் இருந்தால், பந்தி முடிவதற்குள் ஊர் அவளுக்கு என்னென்ன பாவமெல்லாமோ கட்டிக்கொடுத்துவிடும். கருங்கலுக்குச் சனிக்கிழமைதோறும் யாரைப் பார்க்கப் போனாள் என்பதில் தொடங்குவார்கள். அவள் அம்மா வெளியே தலைகாட்ட முடியாது. அப்புறம் சனிக்கிழமை ஏது, குடோன் ஏது.

"அப்போ பேசாம போய் வாங்கிரு. யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"எனக்குத் தெரியும்லா."

ஆக, திங்கள்கிழமைக்குள் இருக்கும் ஒரே சனிக்கிழமை இதுதான். கொள்ளைக்காரனின் அம்மா மன்னித்தால் இவள் நன்மை வாங்குவாள். மன்னிக்காவிட்டால் கல்யாண வீட்டில் கலவரம். அந்த அம்மாவோ என் வாயில்தான் இருந்தாள். அண்ணன் கிசுகிசுத்தான்: "மன்னிச்சோம்னு ஒரு வார்த்தை சொல்லி விடு பிள்ளே. திங்கக்கிழமை பிரியாணி உண்டு."

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. மன்னிப்பு என்ன, எங்கள் கடையில் டைல்ஸ் வாங்கினால் இலவசமாகக் கொடுக்கும் காலண்டரா? என் கதையில் ஒரு ஆள் செத்திருக்கிறான், கையைக் கட்டிவைத்து, சத்தியம் செய்து ஏமாற்றிக் கொன்றிருக்கிறார்கள். எந்த அம்மா மன்னிப்பாள்? மன்னித்தால் அது கதையா? பேசாமல் அண்ணனின் குகைக்கும் பொன்பெட்டிக்குமே போய்விடலாம். ஆனால் தோழியின் முகத்தையும் பார்க்க முடியவில்லை. "சவத்த விடு, வா இரி" என்றேன். "எனக்க கதையில சும்மா ஒண்ணும் கெடைக்காது, பாத்துக்க."

"சும்மா வேண்டாம்" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

மலையடிவாரத்தில் ஒரு அருவி வைத்தேன். திற்பரப்பில் குளிக்கப் போனபோது பார்த்த அருவிதான், கூட்டத்தையும் சோப்பு நுரையையும் மட்டும் எடுத்துவிட்டேன். அருவிக்குக் கீழே ஓட்டு வீடு. முற்றத்தில் ஒருத்தி மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறாள். வழிப்போக்கர்களைக் கண்டதும் உட்காரச் சொல்கிறாள், கிழங்கு வேகட்டும் தின்றுவிட்டுப் போகலாம் என்கிறாள்.

"நீங்க மலைப் பாதையா வந்திய? எனக்க மவனைக் கண்டியளா?" என்றேன், அந்த அம்மாவாக.

அறிஞன் சட்டென்று தன் பகடையைப் பையில் போட்டுக்கொண்டான். திருடன், "நான் வெளிய குதிரையைப் பாத்துட்டு நிக்கேன்" என்றான். கதைக்குள் குதிரை விற்று இரண்டு வாரமாகிறது.

தோழி பகடையை எடுக்கவில்லை. "நான்தான் அவனைக் கொன்னேன்" என்றாள். "கட்டிப் போட்டுருந்தோம். விட்டுருவேன்னு சத்தியம் பண்ணிட்டாக்கும் கொன்னேன்."

இந்த இடத்துக்கு நான் ஒரு பெரிய ஏச்சைத் தயாராக வைத்திருந்தேன். எங்கள் ஊர்க் குழாயடியில் கேட்டதையெல்லாம் சேர்த்து, கேட்டவர் காது புண்ணாகிற மாதிரி. வாயைத் திறந்தால் வந்தது வேறு.

"அவன் கடைசியா என்ன மக்கா சொன்னான்?"

கீழே யாரோ அரை இஞ்ச் பைப் கேட்பது கேட்டது.

"ஆட்டுக்கு யாரு பிலாயிலை போடுவான்னு கேட்டான்" என்றாள். "கேட்டதும் நாங்க சிரிச்சோம்." அப்புறம் என்னைப் பார்த்தாள், அந்த அம்மாவை இல்லை, என்னை. "அதைத்தான் ஏட்டி நான் சாமியார்ட்ட சொன்னது. வெட்டுனதை இல்ல. வெட்டுனது கதையில உள்ளவளாக்கும். அவ வெட்டட்டும், அவளுக்க சோலி அது. சிரிச்சது நான்."

அண்ணன் முந்திரிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். ஒரு கொலையைக் கதையில் வைக்கலாமா கூடாதா என்று அதுவரை நாங்கள் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறோம். பூதம் எவ்வளவு பயங்கரமாக இருக்கலாம், ரத்தத்தை எவ்வளவு சொல்லலாம் என்றெல்லாம் பேசியிருக்கிறோம். சிரிப்பைப் பற்றி யாரும் யோசித்ததே இல்லை. நான் அந்த ஆட்டைச் சொன்னதே சிரிக்க வைக்கத்தான். ஆனால் இப்போது அதே வார்த்தையை அவள் திருப்பிச் சொன்னபோது, உண்மையிலேயே அந்த ஆடு எங்கேயோ கட்டிக்கிடந்து கத்துகிற மாதிரி எனக்கு இருந்தது. கோபம் வந்த இடம் தெரியாமல் போயிற்று.

அந்த அம்மா வெகுநேரம் கிழங்கை உரித்தாள்.

"நான் உன்னைய மன்னிக்க மாட்டேன்" என்றேன் கடைசியில். போதகர் மகன் கண்ணை மூடிக்கொண்டான். "ஆடு பொறத்தால கட்டியிருக்கு. பிலா அந்தா நிக்கி. போய் எலை பறிச்சுப் போடு."

"எத்தனை நாளு?"

"அது சாகுகது வரை."

"சரி" என்றாள். அவ்வளவுதான். முகம் தெளிந்துவிட்டது. தன் பாத்திரத்தின் தாளை எடுத்து, வாள், கேடயம், கயிறு என்று எழுதியிருந்ததற்குக் கீழே 'ஆடு' என்று எழுதினாள்.

அண்ணனுக்குத்தான் தாமதமாகப் பொறி தட்டியது. "நில்லு, நில்லு. ஆடு எத்தனை வருஷம் இருக்கும்?"

"நல்லா பாத்துக்கிட்டா பத்துப் பன்னெண்டு" என்றான் போதகர் மகன்.

"அப்போ பூதத்தை யாரு வெட்டுவா? நம்மகிட்ட ஒரே ஒரு வாளாக்கும் உள்ளது. அது ஆடு மேய்க்கப் போனா நானும் இந்த அறிஞனும் போய்ப் பூதத்துக்கிட்ட என்ன செய்ய, பாட்டுப் பாடவா?"

அதற்கப்புறம் நடந்த பேரத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. ஆட்டைக் கூடவே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று அறிஞன் சமரசம் சொன்னான். அம்மாவிடம் கேட்க வேண்டும் என்றாள் தோழி. அம்மா கேட்ட நிபந்தனைகள்: நனைய விடக் கூடாது, வழியில் எந்த ஊரில் பிலாமரம் கண்டாலும் நிறுத்த வேண்டும், பெருநாளுக்கு அறுக்கிற யோசனை யாருக்கும் வரக் கூடாது. கடைசி நிபந்தனைக்கு எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். புத்தகத்தைப் புரட்டி, எத்தனை அடி தாங்கும் என்று ஆட்டுக்கு உயிர்ப்புள்ளி போட்டால், அது அறிஞனுக்கு இருப்பதைவிட அதிகம். "இனி ஆடு முன்னால போகட்டு, நான் பின்னால வாறேன்" என்றான் அவன்.

ஆனால் திங்கள்கிழமை நன்மை வாங்குவாளா என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மன்னிக்க மாட்டேன் என்று வேறு சொல்லித் தொலைத்திருந்தேன். காலி டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடற்கரை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

கல்யாணத்தன்று எங்களை இரண்டாவது பெஞ்சிலேயே உட்கார்த்திவிட்டார்கள், மாப்பிள்ளை வீட்டாருக்கு நேர் பின்னால். தோழி மெரூன் பட்டில் இருந்தாள். எனக்குப் பூசை ஒன்றும் காதில் ஏறவில்லை. அவள் கொண்டையில் இருந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்மை நேரம் வந்தது. முதல் பெஞ்சில் அவள் அப்பா எழும்பினார், அம்மா எழும்பினாள், சித்தி எழும்பினாள். இவள் முட்டிபோட்டபடி இருந்தாள். என் கை பக்கத்தில் இருந்த அண்ணனின் முழங்கையைப் பிடித்து நசுக்கியது. அம்மா திரும்பிப் பார்த்தாள். அப்பவும் இவள் எழும்பவில்லை. பிறகு சேலையைச் சரி செய்துகொண்டு, சாவகாசமாக எழும்பி, வரிசையில் போய் நின்றாள்.

எனக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது. நாங்கள் கத்தோலிக்கர்கள் இல்லை, எங்களுக்கு அங்கே நன்மை கிடையாது. கோயில் முழுக்க எழும்பிப் போக, நாங்கள் மூன்று பேர் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பக்கத்துப் பெஞ்சுக் கிழவிகள் எங்கள் பாவங்களை மனசில் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அவள் கைகூப்பித் திரும்பி வந்தாள். எங்களுக்கு முன்னால் முட்டிபோட்டாள், முகத்தைக் கைகளில் புதைத்து வெகுநேரம் ஜெபித்தாள். பிறகு தலையைத் திருப்பாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பின்பக்கமாகச் சொன்னாள்.

"காலையிலேயே எலை போட்டுட்டாக்கும் ஏட்டி வந்தேன்."

அண்ணனுக்கும் கேட்டுவிட்டது. அவன் இருமுவது போல ஒரு சத்தம் போட்டான். போதகர் மகன் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டான். நான் குனிந்து, விழுந்த கம்மலைத் தேடுகிற மாதிரி பெஞ்சுக்கு அடியில் போய்விட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது முன்னால் அவள் தோள்கள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. கூடப்பிறந்தவனுக்குக் கல்யாணமாகிறதே என்று பிள்ளை அழுகிறாள் என நினைத்து, அவள் அம்மா தன் முந்தானையை எடுத்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.